எதிரே வாகனம் வராது

கனடாவுக்கு வந்த முதல் வருடம், செப்டெம்பர் மாதக் கடைசியில், என்னோடு வேலை செய்யும் லிண்டா மதியச் சாப்பாட்டு மேசையில் கேட்டாள்: “இந்த வார இறுதியில் இலை பார்க்க எங்கே போகிறாய்?” எனக்கு விளங்கவில்லை. இரண்டு தரம் திருப்பிக் கேட்ட பிறகுதான் விஷயம் தெரிந்தது. மூன்று மணி நேரம் காரோட்டிப் போய், மரத்தில் சிவந்து நிற்கும் மேப்பிள் இலைகளைப் பார்த்துவிட்டு, மூன்று மணி நேரம் காரோட்டித் திரும்பி வருவார்களாம். பறிப்பதில்லை, நிறுப்பதில்லை, பார்ப்பது மட்டும்தான். அன்றைக்கே தொலைபேசியில், இலங்கை மலையகத்தில் தேயிலைக் கொழுந்து பறிக்கும் என் அக்காவிடம் சொன்னேன். “இலை பாக்கவா? சும்மா பாத்துட்டு வர்றதுக்கா?” என்று கேட்டுவிட்டு அக்கா சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. “இங்க வரச் சொல்லு அவங்கள. எவ்வளவு வேணும்னாலும் பாக்கட்டும். பாத்துக்கிட்டே ரெண்டு கிலோ பறிச்சும் குடுத்துட்டுப் போகட்டும்” என்றாள். நானும் விழுந்து விழுந்து சிரித்தேன்.

டொரொன்டோ பெரிய நகரம். இங்கே வந்து சேர உலகமே வரிசையில் நிற்கிறது. வந்து சேர்ந்தவர்களோ வெள்ளிக்கிழமை ஆனதும் இதை விட்டு எங்கே ஓடலாம் என்று பார்க்கிறார்கள். திங்கட்கிழமை போய் வந்த கதை, செவ்வாயும் புதனும் களைப்பு, வியாழக்கிழமை அடுத்த பயணத்துக்குத் திட்டம். எந்த ஏரி, எந்த அருவி, எந்தத் திருப்பத்தில் காரை நிறுத்தினால் படம் நன்றாக விழும் என்று மேசையில் தலைகள் கூடிவிடும். நான் ஸ்காபரோவில் ஒரு பொதி விநியோக நிறுவனத்தில் டிஸ்பாட்சர். எந்த வேன் எந்த ஒழுங்கில் எந்த வீட்டுக்குப் போக வேண்டும் என்று தினமும் காலையில் பாதை போட்டுக் கொடுப்பது என் வேலை. போன வழியால் திரும்பி வரக்கூடாது, வட்டமடித்து வர வேண்டும் என்பது எங்கள் வேலையில் முதல் விதி. அதில் நான் கெட்டிக்காரி. அதனால் அலுவலகத்தின் இலை பார்க்கும் பயணங்களுக்கும் பாதை போடுகிறவள் நானே ஆகிப்போனேன். “உனக்கு மட்டும் இது எப்படி வருகிறது?” என்று லிண்டா கேட்கும்போது பெருமை தாங்காது. பதினெட்டு வயது வரை நான் போன பயணம் ஒன்றே ஒன்றுதான். பள்ளிக்கூடத்தில் நுவரெலியாவுக்குக் கூட்டிப் போனார்கள். வழி நெடுக வாந்தி எடுத்துக்கொண்டே போய் வந்தேன். பார்த்தது எதுவும் ஞாபகமில்லை.

ஸ்காபரோவில் தமிழருக்குப் பஞ்சமில்லை. கடையில், கோயிலில், பஸ் தரிப்பில் எங்கே கண்டாலும் முதல் கேள்வி ஊர் எது என்பதுதான். “ஹட்டன் பக்கம், டிக்கோயாவுக்கு மேலே” என்பேன். “ஆ, நல்ல குளிரான இடமெல்லோ! நாங்கள் பள்ளிக்கூடத்தாலை ட்ரிப் போனனாங்கள். இறம்பொடை அருவியடியிலை நிண்டு படமும் எடுத்தனாங்கள்” என்பார்கள், முகமெல்லாம் மலர்ந்து. அன்பாகத்தான் சொல்வார்கள், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனாலும் நான் பிறந்து வளர்ந்த இடம் எல்லோருக்கும் படம் எடுத்த இடமாக மட்டும் இருப்பது உள்ளே எங்கேயோ உறுத்தும். யாருக்கு என்ன சொல்லி விளங்க வைப்பது? “ஓமோம், நல்ல குளிர்” என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டுவேன்.

ஒருநாள் லிண்டா, “உன் ஊரைக் காட்டு” என்றாள். கைப்பேசியில் வரைபடத்தைத் திறந்தேன். ஹட்டன் இருந்தது, டிக்கோயா இருந்தது. அங்கிருந்து மேலே விரலால் தள்ளிக்கொண்டு போனால் வெறும் பச்சை. காடு என்றும் போடவில்லை, ஊர் என்றும் போடவில்லை. தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் எங்கள் லயத்துக்கு வீட்டு இலக்கம் கிடையாது. ஒரே தகரக் கூரையின் கீழ் பன்னிரண்டு காம்பராக்கள், அதில் நான்காவது எங்களுடையது. கடிதம் என்று ஒன்று வந்தால் தோட்டத்து ஆபீசுக்கு வரும், யாராவது எடுத்து வந்து கொடுத்தால் உண்டு. “இங்கேதான் எங்கேயோ” என்று அந்தப் பச்சையைத் தொட்டுக் காட்டினேன். “ஓ, காட்டுக்குள்ளேயா?” என்று லிண்டா கண்களை விரித்தாள். எனக்கு முகம் சுண்டிப் போனது. நூற்றைம்பது வருடங்களுக்கு மேலாக மனிதர்கள் பிறந்து, செத்து, காடு வெட்டி, செடி நட்டு வாழும் இடத்தில் ஒரு புள்ளிகூட இல்லையே என்று அன்று முழுவதும் ஆத்திரமாக இருந்தது. அன்று மாலையே அந்த வரைபடத்தில் நானே ஒரு புள்ளி வைத்தேன். இந்தக் கட்டுரை அந்தப் புள்ளியைப் பற்றியது.

லயத்துக்கு மேலே ஒரு பாறை உண்டு. பாய் விரித்தது மாதிரித் தட்டையான பாறை. வெயில் கண்ட நாளில் எல்லா வீட்டுக் கம்பளிகளும் அதில்தான் காயும். ‘கம்பளிப் பாறை’ என்றுதான் சொல்வோம். அதன்மேல் நின்றால் டிக்கோயாப் பள்ளத்தாக்கு முழுவதும் தெரியும். தூரத்தில் நீர்த்தேக்கம், அதற்கப்பால் அடுக்கடுக்காக மலை. நாங்கள் யாரும் அதைப் பார்க்கவென்று ஏறியதில்லை. மழை எந்தப் பக்கமிருந்து வருகிறது, கம்பளியை எப்போது அள்ளலாம் என்று பார்க்கத்தான் ஏறினோம். அந்தப் பாறையின் மேல் புள்ளியை வைத்து, ‘ஸ்கை ராக் வியூ பாயிண்ட்’ என்று பெயர் கொடுத்தேன். கம்பளிப் பாறை என்று போட எனக்கு வெட்கமாக இருந்தது.

புள்ளிக்குப் படம் வேண்டுமே. அக்காவைக் கேட்டேன். ஆபீசில் காட்ட என்று மட்டும் சொன்னேன். என் அக்கா பெயர் புஷ்பம். அப்பா இறந்தபோது அவளுக்குப் பதினெட்டு, எனக்கு ஏழு. அடுத்த வாரமே அவள் கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு கொழுந்து எடுக்கப் போனாள், நான் புத்தகப் பையை மாட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போனேன். எது யாருக்கு என்று எங்களுக்குள் பேச்சே வரவில்லை. நான் ஹட்டனில் படித்து, கொழும்பில் கம்ப்யூட்டர் வேலை பார்த்து, இங்கே வந்து சேர்ந்தது எல்லாம் அந்தக் கூடையிலிருந்து வந்தது. அப்படிப்பட்டவளிடம், “பின்னேரம் நாலு மணி வெளிச்சத்தில் பாறைக்கு ஏறிப் படம் பிடித்து அனுப்பு” என்று சொன்னேன். நாள் முழுவதும் மலையில் நின்றவள் காலைக்கூடக் கழுவாமல் ஏறியிருக்கிறாள். “நம்ம பாறைய எதுக்குடி படம் புடிக்கச் சொல்ற? கம்பளி கெடக்கு. எடுத்துட்டுப் புடிக்கவா, இருக்கட்டுமா?” என்று கேட்டாள். “எடுத்துட்டுப் பிடி” என்றேன்.

அது நல்ல படம். அதைப் பார்த்துவிட்டுக் கொழும்பிலிருந்து வார இறுதிப் பயணம் போகிறவர்களின் முகநூல் குழு ஒன்றில் யாரோ பாதை கேட்டார்கள். நகரங்கள் எல்லாம் ஒரே குணம் போலும். கொழும்பும் வெள்ளிக்கிழமையானால் தன்னை விட்டு ஓடத்தான் பார்க்கிறது. பாதை போடுவது என் தொழிலாயிற்றே, விடுவேனா? இரண்டு நாள் பயணமாக அழகாக எழுதிக் கொடுத்தேன். சனிக்கிழமை விடிய ஐந்துக்குப் புறப்பாடு. அவிசாவளை தாண்டி, கித்துள்கலயில் ஆற்றைப் பார்த்துக்கொண்டு காலைச் சாப்பாடு. கினிகத்தேனை ஏற்றத்தில் பனி. ஹட்டனில் மதியம். பின்னேரம் நாலு மணிக்கு ஸ்கை ராக். இரவு தங்கிவிட்டு மறுநாள் தலவாக்கலை, நானுஓயா, நுவரெலியா, இறம்பொடை வழியாக வட்டமடித்து வீடு. எங்கள் தோட்டத்துக்குள்ளும் ஒரு வட்டம் போட்டேன். அதை ஆங்கிலத்தில் எழுதினேன், தமிழில் இப்படி வரும்: “ஏறுவது கோயில் பாதை, இறங்குவது பெக்டரிப் பாதை. கோயில் பாதை மிகவும் ஒடுக்கம், ஆனால் பயப்பட வேண்டாம். கொழுந்து லொறி சனிக்கிழமைகளில் மூன்றரைக்கே இறங்கிவிடும். அதன் பிறகு எதிரே வாகனம் வராது.” கீழே, ‘எழுதியவர் அந்த ஊர்க்காரர்’ என்றும் போட்டுக்கொண்டேன். அந்த ஒரு வரியை எழுதும்போது நெஞ்சு நிமிர்ந்தது.

எதிரே வாகனம் வராது என்று நான் எழுதியது பொய்யில்லை. நான் அங்கே இருந்த காலத்தில் வரவில்லை. அந்தப் பாதையில் ஓடியது இரண்டே இரண்டு. ஒன்று கொழுந்து லொறி, மற்றது தோட்டத்து மனேஜர் துரையின் ஜீப். நோயாளிகூட அந்தப் பாதையில் போனதில்லை. எனக்கு ஒன்பது வயதாக இருக்கும்போது அம்மாவுக்கு வயிற்று வலி வந்து சுருண்டு விழுந்தாள். நான்கு பேர் கம்பளியில் போட்டு, கம்பளியை ஒரு கம்பில் கட்டி, தேயிலைக்கு நடுவே குறுக்குப் பாதையால் ஓடினார்கள். அக்கா அம்மாவின் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடினாள், நான் அக்காவின் பின்னால். அன்று அம்மா பிழைத்துக்கொண்டாள். பாதை லொறிக்கு, குறுக்குப் பாதை மனிதருக்கு என்பதுதான் என் மனதில் பதிந்திருந்த ஊர். அக்காவின் கணவர், கணேசன் மச்சான், மூன்று வருடங்களுக்கு முன்னால் ஒரு ஆட்டோ எடுத்தார். எனக்குத் தெரியும். மாலை போட்டு, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்த படத்தைப் பார்த்து நானே வாழ்த்துச் சொன்னேன். ஆனால் என் தலைக்குள் இருக்கும் பாதையில் அந்த ஆட்டோ ஒருநாளும் ஓடவில்லை. நான் விட்டு வந்த ஊருக்குத்தான் வழி எழுதினேன். இருக்கிற ஊருக்கு எழுதவில்லை.

இன்னொன்றையும் நான் எழுதவில்லை. கோயில் பாதையில் மாரியம்மன் கோயிலடியில் ஒரு முடக்கு இருக்கிறது, எதிரே வருவது தெரியாத வளைவு. ஒரு பக்கம் மண்மேடு, மறுபக்கம் பள்ளம், நடுவே ஒரு வாகனத்துக்குத்தான் இடம். ஒதுங்க வேண்டுமென்றால் கீழே கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்குப் பக்கத்தில்தான் ஒதுங்கலாம். அதனால் மேலிருந்து இறங்குகிறவர் முடக்குக்கு முன்னால் நின்று மூன்று முறை நீளமாக ஹோர்ன் அடிக்க வேண்டும். கீழே யாராவது வந்துகொண்டிருந்தால் மடுவத்தடியில் ஒதுங்கி, அதே மாதிரி மூன்று முறை அடிப்பார்கள். கீழே ஆள் இருக்கிறோம், நின்றுவிட்டோம், நீ வா என்று அதற்கு அர்த்தம். பதில் வராவிட்டால் கீழே யாரும் இல்லை, தைரியமாக இறங்கலாம். துரையானாலும் லொறிக்காரரானாலும் இதுதான் முறை. யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுத்ததில்லை. எங்கள் பிள்ளைகள் நடக்கப் பழகும்போதே அந்த ஹோர்ன் சத்தத்துக்கு ஓரம் ஒதுங்கப் பழகிவிடும். எல்லோருக்கும் தெரிந்ததை யார் எழுதிக்கொண்டிருப்பார்கள் என்று நினைத்தேன். சரியாகச் சொன்னால் நினைக்கவே இல்லை.

கார்கள் வரத் தொடங்கின. முதலில் வாரத்துக்கு ஒன்று, பிறகு ஐந்தாறு. அக்கா ஆச்சரியமாகச் சொல்வாள்: “பாப்பா, கொழும்புலருந்தெல்லாம் வாறாங்கடி நம்ம பாறையப் பாக்க. கம்பளி காயப்போட எடமில்ல. வந்தவங்க ஏறி நின்னு படம் புடிச்சுக்கிட்டே இருக்காங்க.” நான் கடைக்குட்டி, அதனால் முப்பத்தேழு வயதிலும் பாப்பாதான். “யாருக்கா சொன்னது அவங்களுக்கு?” என்று கேட்டேன், ஒன்றும் தெரியாதவள் மாதிரி. அவள் வாயால் கேட்டு ரசிக்க ஆசை, வேறொன்றுமில்லை. “யாருக்குத் தெரியும்? ஆனா நல்லாத்தான் இருக்கு. நம்ம எடம் நல்ல எடம்னு மத்தவங்க சொல்லித்தான் தெரியுது” என்றாள். அப்போதாவது நான் சொல்லியிருக்கலாம். தீபாவளிக்குப் பேசும்போது சொல்லி ஆச்சரியப்படுத்தலாம் என்று வைத்திருந்தேன்.

போன வருடம் ஒக்டோபர், ஒரு சனிக்கிழமை. லிண்டாவின் கார். அவள் ஓட்டினாள், நான் பக்கத்தில், பின்னால் அலுவலகத்துப் பெண்கள் இருவர். நான் போட்ட பாதையில் இலை பார்க்கப் போகிறோம். காலை ஆறே முக்கால், நகரத்தை விட்டு வடக்கே போகும் நெடுஞ்சாலையில் ஏறியாயிற்று. ஊரில் அப்போது பின்னேரம் நாலேகால். மச்சானிடமிருந்து அழைப்பு வந்தது. அவர் அந்த நேரத்தில் அழைப்பவரே அல்ல.

“பாப்பா, அக்காவ கொளவி கொட்டிருச்சு.” மூச்சு வாங்கிக்கொண்டு பேசினார். “வெறகு பொறுக்கப் போன எடத்துல. தலை, கழுத்து எல்லாம். மூஞ்சி வீங்கி கண்ணே தெரியல. மூச்சு விடக் கஷ்டப்படுது. ஆட்டோவுல போட்டு எறங்குனேன். முடக்குல மூணு தரம் அடிச்சேன், பதிலே இல்ல. சரின்னு எறங்கினா முன்னுக்குக் காரா நிக்குது. ஏழெட்டுக் கார். பின்னுக்கும் போக முடியல, முன்னுக்கும் போக முடியல.”

“ரிவர்ஸ் எடுக்கச் சொல்லுங்க மச்சான்! ஆசுபத்திரிக்குன்னு சொல்லுங்க!”

“சிங்களத்துல சொல்லிட்டேன். அந்த மனுசன் நல்லாத்தான் பேசுறான். ஆனா போனக் காட்டி இங்கிலீசுல என்னமோ வாசிக்கிறான், எனக்கு வெளங்கல. நீ பேசு. சீக்கிரம் பேசு பாப்பா.”

தொலைபேசி கை மாறியது. பின்னால் அக்காவின் மூச்சு கேட்டது. ஈரத் துணியைக் கிழிப்பது மாதிரி ஒரு சத்தம். ஒரு இளைஞரின் குரல் வந்தது. மரியாதையான குரல். “மிஸ், நாங்கள் சரியான பாதையில்தான் வந்திருக்கிறோம். இவர்தான் எதிர்ப்பக்கமாக வந்துவிட்டார். இது ஒருவழிப் பாதை என்று போட்டிருக்கிறது. பாருங்கள், வாசிக்கிறேன்” என்று சொல்லி வாசித்தார். ஏறுவது கோயில் பாதை, இறங்குவது பெக்டரிப் பாதை. பயப்பட வேண்டாம். எதிரே வாகனம் வராது.

“அது தப்பு” என்று கத்தினேன். “அதை எழுதியவளுக்கு ஒன்றும் தெரியாது. தயவுசெய்து பின்னால் எடுங்கள், என் அக்கா செத்துவிடுவாள்.” அவர் வாதாடுவதற்காகச் சொல்லவில்லை, குழம்பிப் போய்த்தான் சொன்னார்: “ஆனால் எழுதியவர் அந்த ஊர்க்காரர் என்று போட்டிருக்கிறதே, மிஸ்.”

அவர் பின்னால் எடுக்கத்தான் பார்த்தார். அவருக்குப் பின்னால் இருந்த கார்களுக்கு விஷயம் தெரியாது. கண்ணாடியை ஏற்றிப் பாட்டுப் போட்டிருந்தார்களாம், அதனால்தான் மச்சான் அடித்த ஹோர்னும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் பதில் அடிக்கத் தெரிந்திராது. கடைசிக் கார்வரை ஆள் ஓடிப்போய்ச் சொல்லி, ஒவ்வொன்றாக நகரத் தொடங்கும்போது நடுவில் ஒரு காரின் பின்சக்கரம் ஓரத்துத் தண்ணீர்க் கானுக்குள் இறங்கி மாட்டிக்கொண்டது. எல்லாவற்றையும் நான் சத்தமாகத்தான் கேட்டேன். இயந்திர இரைச்சல், சிங்களத்தில் ஆட்கள் கத்துவது, கல்லைப் போடு, தள்ளு. நடுவில் மச்சானின் குரல், “புஷ்பம், புஷ்பம், என்னயப் பாரு” என்று. பிறகு லயத்து ஆட்கள் ஓடிவரும் சத்தம். யாரோ, “கம்பளியக் கொண்டாங்கடா!” என்று கூப்பிட்டார்கள்.

“என்ன ஆயிற்று?” என்று லிண்டா கேட்டாள். என் ஆங்கிலம் அவளுக்குக் கேட்டிருக்கிறது, பாதை, கார்கள், பின்னால் எடுங்கள் என்று. “வீதி அடைபட்டிருக்கிறது” என்றேன். எங்களுக்கு முன்னாலும் கார்கள் நீண்ட வரிசையில் ஊர்ந்துகொண்டிருந்தன. லிண்டா ஆறுதலாக என் முழங்காலில் தட்டினாள். “உன் ஊரிலுமா? வார இறுதி என்றால் எங்கேயும் இப்படித்தான். எல்லோருக்கும் அழகான இடம் பார்க்க வேண்டும்” என்றாள். நல்ல மனதோடுதான் சொன்னாள். எனக்குக் கதவைத் திறந்து குதிக்க வேண்டும் போல் இருந்தது. குதித்தால் மட்டும் எங்கே போவேன்?

அக்காவைக் கம்பளியில் கட்டி, அம்மாவை இறக்கிய அதே குறுக்குப் பாதையால் இறக்கினார்கள். அந்தக் கொழும்பு இளைஞரும் கம்பின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு, வழுக்கி வழுக்கி ஓடி வந்தாராம். பெரிய ரோட்டில் வந்த மரக்கறி லொறியை மறித்து ஏற்றி, டிக்கோயா ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது முடிந்திருந்தது. வழி மட்டும் இருந்திருந்தால் ஆட்டோவில் இருபது நிமிடத் தூரம் அது.

செய்தி வந்தபோது நான் வழியில் ஒரு காப்பிக் கடை வரிசையில் நின்றேன். “அக்கா போயிருச்சு பாப்பா” என்றார் மச்சான். அவ்வளவுதான். நான் அழவில்லை. லிண்டாவிடமும் சொல்லவில்லை. சொன்னால் எப்படி என்று கேட்பாள். எப்படி என்று சொன்னால், ஏன் என்று அடுத்த கேள்வி வரும். அந்தக் கேள்விக்குப் பயந்து வாயை மூடிக்கொண்டு, காப்பியை வாங்கிக்கொண்டு, காரில் ஏறி உட்கார்ந்தேன். இலை பார்க்கவும் போனேன். சிவந்த மரங்களுக்கு முன்னால் நாங்கள் நான்கு பேரும் நிற்கும் படம் ஒன்று அலுவலகச் சுவரில் இன்னும் தொங்குகிறது. அதில் நான் சிரித்துக்கொண்டிருக்கிறேன். அக்கா இறந்து இரண்டு மணி நேரம்.

என் பாஸ்போர்ட் புதுப்பிக்கப் போயிருந்தது. சாவுக்குப் போக முடியவில்லை. மச்சான் வீடியோவில் காட்டினார், ஆனால் கைப்பேசி நிலையாக நிற்காமல் எல்லாம் வானமும் தரையுமாகவே தெரிந்தது. அக்காவின் சாவு வீட்டைத் தெளிவாக நான் பார்த்தது வேறு இடத்தில். அடுத்த வாரம் அந்தப் புள்ளியைத் திறந்தபோது, புதிதாக ஒருவர் படங்கள் போட்டிருந்தார். கோயில் பாதையின் இருபக்கமும் கயிறு இழுத்து, சாவுக்குக் கட்டும் வெள்ளைக் கொடிகள். ஐந்து நட்சத்திரம் கொடுத்து, “வழியெல்லாம் வெள்ளைக் கொடி கட்டி அழகாக அலங்கரித்திருந்தார்கள், ஊர் மக்கள் அமைதியானவர்கள்” என்று எழுதியிருந்தார். ஒரு படத்தின் மூலையில் எங்கள் லயம் தெரிந்தது. நான்காவது காம்பராவின் வாசல் இஸ்தோப்பில் ஒரு வாங்குப் பலகை, அதில் குனிந்து உட்கார்ந்திருக்கும் ஒரு ஆள். பெரிதாக்கிப் பார்த்தேன். மச்சான்தான். வாயைப் பொத்திக்கொண்டு அன்றைக்குத்தான் அழுதேன்.

புள்ளியை எடுக்கப் பார்த்தேன். வைக்கும்போது இரண்டு நிமிடம் ஆயிற்று. எடுக்க முடியவில்லை. அது இப்போது என்னுடையது இல்லை. நூற்றுக்கணக்கானவர்கள் போய் வந்து படம் போட்ட இடம். அப்படி ஒரு இடம் இல்லை என்று எழுதி அனுப்பினேன். உங்கள் திருத்தத்தை ஏற்க முடியவில்லை என்று பதில் வந்தது. பாதை ஆபத்து என்று எழுதினேன். கீழே ஒருவர், “கொஞ்சம் ஒடுக்கம்தான், ஆனால் அந்தக் காட்சிக்காக எதையும் பொறுக்கலாம்” என்று பதில் போட்டார். முகநூலில் நான் எழுதிய பாதையை அழித்தேன். அதற்குள் அதை வேறு நான்கு பேர் தங்கள் பெயரில் போட்டுவிட்டார்கள். எல்லாவற்றிலும் அந்த வரி அப்படியே இருக்கிறது. ஒரு எழுத்து மாறவில்லை.

முப்பதாம் நாள் காரியம் முடிந்த பிறகு மச்சான் பேசினார். “அந்தக் கொழும்புக்காரன் சாவுக்கும் வந்தான் பாப்பா. கால்ல விழாத கொறையா அழுதான். அவன்மேல எனக்கு ஒண்ணும் இல்ல. நீ பேசினதாலதான் அவன் அந்தளவுக்காவது எறங்கி ஒதவி செஞ்சான். அத நான் மறக்க மாட்டேன்” என்றார். பிறகு கேட்டார்: “அந்தப் போன்ல எழுதி வச்சிருக்காங்களே, எதிருல ஒண்ணும் வராதுன்னு. அத எழுதினது யாருன்னு கண்டுபுடிக்க முடியுமா? நீதான் கம்ப்யூட்டர் படிச்சவ. சண்டைக்கு இல்ல. ஒரே ஒரு வார்த்த கேக்கணும். நாங்க இருக்கிறது அவங்க கண்ணுக்குத் தெரியலயான்னு.”

“பாக்கிறேன் மச்சான்” என்றேன்.

ஒரு வருடமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஒவ்வொரு முறை பேசும்போதும், கடைசியில், “அது ஏதாவது தெரிஞ்சிச்சா?” என்று கேட்கிறார். நான், இன்னும் இல்லை என்கிறேன். நான் பேசினதற்கு நன்றி சொல்கிற மனிதரிடம் வேறு என்ன சொல்வது? ஊரில் இதை வாசிக்கிறவர்கள் யாராவது அவருக்குச் சொல்லத்தான் போகிறீர்கள். சொல்லுங்கள். எனக்குத் தைரியம் இல்லாமல்தான் எழுதுகிறேன். மச்சான், நீங்கள் இருப்பது என் கண்ணுக்குத் தெரியவில்லை. ஆட்டோ தெரியவில்லை, அக்காவுக்கு வயதானது தெரியவில்லை. அந்தப் பச்சைக்குள் ஊர் இருக்கிறது என்று காட்டத்தான் புள்ளி வைத்தேன். பாறையைத்தான் காட்டினேன். கம்பளியை எடுக்கச் சொல்லிவிட்டுக் காட்டினேன். வெளிநாடு வந்தவர்களுக்கும் ஒன்று சொல்வேன். ஊரைப் பற்றி யாராவது கேட்டால், தெரியும் என்று சட்டென்று சொல்லிவிடாதீர்கள். அங்கே இருக்கிறவர்களிடம் ஒருமுறை கேளுங்கள்.

இந்த வருடமும் இலை சிவந்துவிட்டது. லிண்டாவுக்கு இப்போது எல்லாம் தெரியும். முழுவதும் இல்லை, அக்கா இறந்தது மட்டும். “வா, மனதுக்கு நல்லது” என்று வற்புறுத்தினாள். இந்தத் தடவை என் காரை நானே ஓட்டினேன், லிண்டா பக்கத்தில். பாதை மட்டும் வேறு யாராவது போடட்டும் என்று சொல்லிவிட்டேன். அதே வடக்கு நெடுஞ்சாலை, அதே வரிசை. பின்னால் தூரத்தில் அம்புலன்ஸ் சத்தம் கேட்டது. இந்த நாட்டில் அதற்கு ஒரு ஒழுங்கு உண்டு. யாரும் யாரையும் பார்க்காமல், ஒரு சொல் பேசாமல், எல்லாக் கார்களும் ஓரமாக ஒதுங்கி நின்றன. நடுவே வெறுமையாக ஒரு வழி திறந்தது. நானும் ஒதுங்கினேன். எல்லோரும் சும்மா இருந்தார்கள். ஒருவரும் பதில் ஹோர்ன் அடிக்கவில்லை. கை தானாகப் போய் ஹோர்னில் விழுந்தது. மூன்று முறை, நீளமாக அடித்தேன்.

அம்புலன்ஸ் போய்விட்டது. பக்கத்துக் காரில் இருந்தவர் கண்ணாடியை இறக்கி, எதற்காக அடித்தாய், உனக்கு என்ன பைத்தியமா என்று கேட்டார். லிண்டா மன்னிப்புக் கேட்கச் சொல்லி என் தோளைத் தொட்டாள். நான் அவரைப் பார்த்துச் சொன்னேன், தமிழில்தான் வந்தது: “கீழ ஆள் இருக்கோம்னு சொல்லணும்லங்க.”